எங்கள் மந்தையில் காரி இல்லை

முதலில் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பிறகு சிரிப்பதென்றால் சிரியுங்கள். விடுதியில் தங்கிப் படித்த ஐந்து வருஷமும், பேய், முனி என்று யாராவது வாயைத் திறந்தால் அறையை விட்டு எழுந்து போகிறவள் நான். சும்மாவும் போகமாட்டேன். "யாரு பாத்தது? பாத்தவங்க பேரென்ன? கூட வேற யாரு இருந்தா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவேன். ஒருத்தியும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. எல்லாம் அத்தை பார்த்தது, அத்தையின் கொழுந்தனார் பார்த்தது.

நான் வரலாறு முதுகலை படித்தவள். விரிவுரையாளர் தகுதித் தேர்விலும் முதல் முறையே தேறியவள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குச் செம்மறி ஆடு, அம்மாவுக்கு வேடசந்தூர் பக்கம் நூல் மில். எரியோட்டை அடுத்த ஒரு வறண்ட ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வேன். சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்?

அப்படிப்பட்டவள் இப்போது உட்கார்ந்து இதை எழுத வேண்டியிருக்கிறது. எனக்கே எரிச்சலாக இருக்கிறது. வாயால் சொன்ன இடத்திலெல்லாம் என்ன பதில் கிடைத்தது தெரியுமா? படித்த தோழிகள் "வெயில்ல மயக்கம் வந்திருக்கும்டி" என்றார்கள். படிக்காத சொந்தக்காரர்கள் "உச்சிப் பொழுதுல குளத்துக்குள்ள யாரு போகச் சொன்னா?" என்றார்கள். இரண்டு கூட்டமும் நான் சொல்வதை முழுதாகக் கேட்கவில்லை. நீங்களாவது முழுதாகக் கேளுங்கள். நம்ப வேண்டும் என்று நான் கெஞ்சவில்லை.

போன பங்குனியில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாற்றுத் துறைக்கு ஆள் எடுத்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரே ஒரு இடம், ஆனால் நிரந்தர வேலை. அதுவரை நான் மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், லீவு விட்டால் அதுவும் கிடையாது. இந்த வேலை கிடைத்தால் அம்மா மில்லுக்குப் போவதை நிறுத்திவிடலாம். பஞ்சுத் தூசி போய்ப் போய் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. ஆகவே அந்த ஒரு இடம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நேர்முகத் தேர்வு மத்தியானம் மூன்று மணிக்கு. முதலில் இருபது நிமிஷம் டெமோ கிளாஸ், பிறகு கேள்விகள். தலைப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களெல்லாம் சுதந்திரப் போராட்டம், சோழர் நிர்வாகம் என்று எடுப்பார்கள் என்பதால் நான் யாரும் தொடாத ஒன்றை எடுத்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தைப் பிடிக்கப் போன பிரெஞ்சுப் படை, அங்கிருந்து பாலைவனத்தைத் தாண்டி சிரியா பக்கம் ஏறிப் போனது. தண்ணீர் இல்லை, வழியெல்லாம் நோய். அந்தப் படையின் ஒரு பிரிவு தாபோர் மலையடிவாரச் சமவெளியில் மாட்டிக்கொண்டது. இவர்கள் இரண்டாயிரம் பேர். எதிரே துருக்கி சுல்தானின் படை, இருபத்தைந்தாயிரம் இருக்கும் என்கிறார்கள், பெரும்பாலும் குதிரை வீரர்கள்.

திறந்த வெளியில் குதிரைகளிடம் மாட்டிய காலாட்படைக்கு ஒரே வழிதான் உண்டு. தோளோடு தோள் ஒட்டி, நாலு பக்கமும் வெளியே முகம் பார்த்து, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகி நீட்டிக்கொண்டு, சதுரமாக நிற்பது. காயம்பட்டவர்களும் மூட்டை முடிச்சுகளும் நடுவில். ஒரு பக்கம் உடைந்தாலும் கதை முடிந்தது. விடிந்ததிலிருந்து சாயங்காலம் நெருங்கும்வரை அந்த மனிதர்கள் அப்படியே நின்றார்கள், உடையவில்லை, கடைசியில் உதவிப்படை வந்து சேர்ந்தது. அவர்கள் நியாயவான்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அடுத்தவன் நாட்டைப் பிடிக்கப் போனவர்கள்தான். ஆனால் எண்ணிக்கையில் சிறுத்தவர்கள் நின்ற இடத்தில் நின்று பிழைத்த கதை எனக்குப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள், புரியும்.

இனி அன்றைக்கு நடந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் மினி பஸ் வரும். அதில் எரியோடு போய், அங்கிருந்து திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்தால் இரண்டரைக்கே போய்விடலாம். வீட்டில் சத்தம் போட்டுப் பேசிப் பார்க்க வழியில்லை, தம்பி டிவியை அணைக்க மாட்டான். அதனால் பதினொன்றரைக்கே புடவை கட்டிக்கொண்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கிவிட்டேன். குளம் என்றால் தண்ணீர் இருக்கும் என்று நினைக்காதீர்கள். செம்மண் வெடித்துக் கிடக்கும், சுற்றிலும் சீமைக்கருவேலம். அங்கே அப்பா ஆடுகளை விட்டிருந்தார், அறுபது உருப்படிக்கு மேல் இருக்கும், குட்டிகள் தனி.

அன்றைக்கென்று பார்த்து என் மாமா, அம்மாவின் தம்பி, ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருடைய ஆடுகளையும் அப்பாதான் பார்க்க வேண்டும். அவை கரைக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக் கிணற்றடியில் நின்றன. அப்பா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஆள் கிடைத்த மலர்ச்சிதான், வேறில்லை.

"தாயி, செத்த நேரம் இதுகளப் பாத்துக்கிறியா? மச்சான் ஆடு சோளத்துல எறங்கிருச்சுன்னா தோட்டக்காரரு என்னைய உரிச்சுப்புடுவாரு. தண்ணியக் காட்டிட்டு வந்துர்றேன்."

"அப்பா, எனக்கு இன்னிக்கு இண்டர்வியூ."

"தெரியும்த்தா. பஸ்ஸு வாரதுக்கு முன்னாடி வந்துருவேன்னு சொல்றேன்ல."

"செத்த நேரம்னா எம்புட்டு நேரம்?"

"செத்த நேரம்னா செத்த நேரந்தான். இதுக்கும் பொஸ்தகத்தப் பாப்பியா?" என்று சொல்லிவிட்டுத் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரை ஏறி இறங்கிப் போய்விட்டார்.

செம்மறிகள் உச்சி வெயிலில் எப்படி நிற்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையைக் கொடுத்து, எல்லாத் தலையும் உள்ளே, எல்லாப் பின்பக்கமும் வெளியே, ஒரே கம்பளிக் குவியலாக நின்று இளைக்கும். மேலே ஒரு வீடு இடிந்து விழுந்தாலும் தலையை வெளியே எடுக்காது. பிறந்ததிலிருந்து நான் பார்க்கும் காட்சி அது. அன்றும் அப்படித்தான் நின்றன. குட்டிகள் மட்டும் என் கால் பக்கம் வந்து நின்றன. நான் அதுகளையே மாணவர்களாக வைத்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன். மாணவர்கள் நன்றாகவே கவனித்தார்கள், ஒருத்தன் மட்டும் புடவை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

படை மாட்டிக்கொள்ளும் இடம்வரை வந்துவிட்டேன். நன்றாக வந்தது. மணி பார்க்க செல்லை எடுத்தேன், பன்னிரண்டு இருபத்தைந்து. நிமிர்ந்து பார்த்தேன்.

ஆடுகளெல்லாம் தலையை வெளியே வைத்து நின்றன.

எப்போது திரும்பின, எப்போது நகர்ந்தன, எனக்குத் தெரியாது. செல்லைப் பார்த்த நேரம் எவ்வளவு இருக்கும்? என்னையும் குட்டிகளையும் நடுவில் விட்டு, சுற்றிலும் இரண்டு வரிசையாக, விலா ஒட்டி நின்றன. வட்டமாக நின்றிருந்தால்கூட நாய்க்குப் பயந்து சூழ்ந்துகொண்டன என்று சொல்லிவிடுவேன். வட்டமில்லை. நான் கணக்கும் ஒழுங்காகப் படித்தவள். நாலு பக்கம், நாலு மூலை. மூலையில் நின்ற கிடா வரைக்கும் மூலையாகவே நின்றது.

நாய்தான் என்று முதலில் தேடினேன். எங்கள் பக்கம் தெருநாய்கள் கூட்டமாக வந்து குட்டிகளைக் குதறிவிட்டுப் போவது உண்டு. ஒரு நாயும் இல்லை. வெறும் பொட்டல், வெறும் வெயில். அதைவிட ஒன்று. சத்தமே இல்லை. அறுபது செம்மறி இருக்கும் இடத்தில் இருமல், கனைப்பு, செருமல் என்று ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இளைப்புச் சத்தம்கூட நின்றிருந்தது.

எனக்குப் பயம் வந்தது என்று நினைக்கிறீர்கள். இல்லை, முதலில் கோபம்தான் வந்தது. பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிஷம்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் இதுகளுக்கு என்ன கேடு! வெளியே வரப் பார்த்தேன். விலகவில்லை. முட்டியால் தள்ளினேன், ஃபைலால் முதுகில் அடித்தேன், ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையில் வேப்பங்குழை தின்று வளர்ந்த ஆடு ஒன்று உண்டு, அதன் மேலே காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டப் பார்த்தேன், அது இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி என்னை உள்ளே அனுப்பியது. அப்பாவைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: அதன் பிறகு நான் அங்கே நின்ற நேரம் முழுவதும் என் வாயிலிருந்து ஒரு எழுத்துக்கூட வரவில்லை.

செல் இருந்ததே, போன் செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். அப்பாவின் செல் வீட்டு ஆணியில் பையோடு தொங்கிக்கொண்டிருந்தது. வேறு யாருக்குப் போட்டாலும் பேசுவதற்குக் குரல் வேண்டுமே.

பிறகு புழுதி கிளம்பியது. காற்றே இல்லை, கருவேல இலை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் எங்களைச் சுற்றி ஒரு முப்பதடி தள்ளிப் புழுதி எழுந்து சுற்றியது. செருப்புக்கு அடியில் தரை அதிர்ந்தது. மில் லாரி கரைமேல் போனால் அதிருமே அப்படி இல்லை, சின்னச் சின்னதாக, நிறைய. அது ஒரு பக்கமாக நெருங்கி வரும். அந்தப் பக்கத்து ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முன்னங்காலை அழுத்தி ஊன்றும். வந்தது திரும்பிவிடும். செத்த நேரம் கழித்து அடுத்த பக்கம் வரும். என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆட்டு முதுகுகளும் புழுதியும்தான். அந்த இடத்தில் நின்றால் ஒன்று புரியும். வெளி வரிசையில் நிற்பவனுக்காவது என்ன வருகிறது என்று தெரியும். நடுவில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் நிற்கிற முதுகு நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஒருமுறை கிழக்குப் பக்கத்தில் ஒரு ஆடு முழங்கால் மடங்கிக் கீழே போனது. பின்னால் நின்றது சத்தமில்லாமல் அதைத் தாண்டி முன்னால் போய் அந்த இடத்தில் நின்றது. அதை யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தது?

இந்த நடுவில்தான் மினி பஸ் வந்தது. கரைமேல் நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர்தான், முறைக்கு அண்ணன். படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"ஏ டீச்சரு! வாரியா, இல்ல ஆடு மேய்க்கவே போறியா?"

கையைத் தூக்கி ஆட்டினேன். நான் என்னவோ டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல.

"சரித்தா, நல்லா மேயி! இதுக்குத்தான் இம்புட்டுப் படிச்சியாக்கும்!" என்று விசிலடித்துவிட்டார். பஸ்ஸுக்குள் நாலு பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. அழுகை வந்தது எனக்கு, பயத்தில் இல்லை, அந்தச் சிரிப்பில். பிற்பாடு அவரிடம் கேட்டேன், என்ன பார்த்தீர்கள் என்று. "ஆட்டுக்கு நடுவுல கொடிமரம் கணக்கா நின்னுக்கிட்டுக் கெடந்த. அதுகளும் கம்பி வேலி போட்டாப்புல நின்னுச்சு. நான் என்னத்தக் கண்டேன், அப்பனும் மகளும் பழக்கி வச்சிருக்கீகளோன்னு நெனச்சேன்" என்றார். புழுதியைப் பார்த்தீர்களா என்றால், "எங்க ஊர்ல புழுதி இல்லாத எடம் எங்க இருக்கு?" என்கிறார். நான் ஒரே சாட்சி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒன்று ஐம்பதுக்குப் புழுதியும் அதிர்வும் அடங்கின. எந்தச் சத்தமும் கேட்கவில்லை, யாரும் வரவில்லை. ஆடுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தி, பழையபடி ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைக் கொடுத்து இளைக்க ஆரம்பித்தன. கீழே கிடந்த ஆடும் எழுந்து உதறிக்கொண்டது. கிடா ஒன்று எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, பெரிய உபகாரம் செய்ததைப் போலப் புழுக்கை போட்டது.

அப்பாவைக் காணவில்லை. ஆடாவது மண்ணாவது என்று அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். என் அதிர்ஷ்டம், வேடசந்தூர் மில்லுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் ஒன்று வந்தது. கையைக் காட்டியதும் நின்றது. உள்ளே இருந்த அக்காமார்களில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சுண்ணாம்புக் காளவாயில உருண்டியா?" என்றாள். குனிந்து பார்த்தேன். என் அரக்குப் புடவை முழங்கால்வரை வெள்ளைப் பொடியாக இருந்தது. எங்கள் குளத்து மண் செக்கச் சிவந்த மண். அவர்களே தட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து, வேடசந்தூரில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் குடித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

மூன்று இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அலுவலகத்து அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதுதான் நீங்க வர்ற நேரமா? ஒக்காருங்க, கடைசில கூப்பிடுவாங்க" என்றார். கூப்பிட்டார்கள். பஸ்ஸைத் தவற விட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நுழைந்தேன். உள்ளே மூன்று பேர். முதல்வர், துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்த வயதான பேராசிரியர் ஒருவர். பாடத்தை எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பாடம் எடுத்ததில்லை. சதுரத்தின் நடுவில் இருப்பவனுக்கு முன்னால் நிற்கும் முதுகுதான் தெரியும் என்று சொன்னேன். ஒருத்தன் விழுந்தால் பின்னால் நிற்பவன் சத்தமில்லாமல் தாண்டிப் போய் நிற்பான் என்று சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ரொம்ப நல்லா சொல்றீங்கம்மா. நடுவுல நிக்கறவன் முதுகு மட்டுந்தான் பாப்பான்னு சொன்னீங்களே, அது எந்தப் புத்தகம்?"

வாழ்க்கையெல்லாம் அடுத்தவரிடம் ஆதாரம் கேட்டவள் நான். ஃபைலைப் புரட்டினேன்.

"பரவாயில்ல, விடுங்க. எத்தனை சதுரம் போட்டாங்க?"

"ஒண்ணு சார்." நான் படித்த கைடில் அப்படித்தான் போட்டிருந்தது.

"ரெண்டும்மா. படையை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு சதுரம். நீங்க ஒண்ணைத்தான் சொன்னீங்க, இன்னொண்ணு எங்க போச்சு?"

துறைத்தலைவர் சிரித்தார். "அதுவும் பஸ்ஸைத் தவற விட்டுருச்சு போல சார்" என்றார். வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கேயே தெரிந்துவிட்டது. வேலை வேறொருவருக்குப் போனது என்று நாலாம் நாள் தகவல் வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அன்று வீடு திரும்பும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதே அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"செத்த நேரம்னு சொல்லிட்டுப் போனீங்களே! எங்க போனீங்க? எங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்களால என் வேலை போச்சு. அம்மா இன்னும் எத்தன வருஷம் பஞ்சத் தின்னணும்?"

அப்பா கஞ்சியைக் கீழே வைத்தார். திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வரத்தான் பாத்தேன் தாயி. விட்டாத்தான."

"யாரு விடல?"

"மச்சான் ஆடுதான். தண்ணியக் காட்டிட்டுத் திரும்புறேன், அம்புட்டும் என்னைய நடுவுல விட்டு நின்னுருச்சு. மூஞ்சிய வெளிய வச்சுக்கிட்டு. நாப்பது வருசமா ஆட்டோட கெடக்கேன், அப்பிடி நின்னு பாத்ததில்ல. தொரட்டியால அடிச்சேன். நகரலயே."

நான் அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அம்மாவிடம்கூட.

"எப்பிடி நின்னுச்சு? வட்டமாவா?"

"வட்டமால்லாம் இல்ல. வயல்ல கெடை போட நாலு பக்கமும் படல் கட்டுவோமே, அப்பிடி."

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கரைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இன்னொன்று எங்கே போனது என்று கேட்டாரே அந்தப் பெரியவர்.

"நீ கரைக்கு அங்கிட்டு நிக்கிறது தெரிஞ்சதால எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்றார் அப்பா. "ஒன் சத்தந்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சே."

"என்ன சத்தம்?"

"ஆடு பத்துனியே. 'போம்மே, காரி... போம்மே, காரி'ன்னு. தொண்ட கட்டிப்போயி ஆம்பளக் கொரல் மாதிரி இருந்துச்சு. நீ ஒவ்வொரு தடவ கத்துறப்பவும் இங்க இதுக காத வெரச்சுக்கிட்டு நின்னுச்சு. ஆமா, எந்தக் காரிய அம்புட்டு நேரம் பத்துன? மந்தைக்குள்ள வேத்தாடு எதுவும் வந்துருச்சா?"

காரி என்றால் கறுப்பு ஆடு. எங்கள் ஆடுகள் எல்லாம் செவலை, இல்லாவிட்டால் வெள்ளை. கறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. நான் எந்த ஆட்டையும் விரட்டிப் பத்தவில்லை என்று அவரிடம் சொன்னேன். எனக்குக் குரலே வரவில்லை என்றும் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "என் காது என்ன செவிடா?" என்று கோபித்துக்கொண்டு கஞ்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மா இரண்டு பேருக்கும் விபூதி பூசிவிட்டாள். அதையும் நான் சகித்துக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் வெயில் என்று நானே எழுதி மூடியிருப்பேன். ஒரே குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் வெயில் ஏறியது என்று சொல்லிக்கொள்ள என்னால் முடிந்திருக்கும், சிரமப்பட்டாவது.

ஆனால் தோற்ற இடத்தை அப்படியே விட எனக்குத் தெரியாது. அந்தப் போரைப் பற்றி நூலகங்களில் தேடித் தேடிப் படித்தேன். இரண்டு சதுரம்தான். பெரியவர் சொன்னது சரி. கைடைத் தூக்கி எறிந்தேன். ஒரு ஆங்கிலப் புத்தகத்தில், சதுரமாக நிற்கச் சொல்லி அந்தக் காலத்து பிரெஞ்சு அதிகாரிகள் கொடுக்கும் கட்டளையை பிரெஞ்சிலேயே போட்டிருந்தார்கள். மூன்றே சொல். அடுத்த முறை அதைச் சரியான உச்சரிப்போடு சொல்லி எல்லார் வாயையும் அடைக்க வேண்டும் என்று நினைத்தேன். என் திமிர்தான், ஒப்புக்கொள்கிறேன். விளக்கு வைக்கிற நேரம், வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த மூன்று சொல்லையும் செல்லில் அடித்து, உச்சரிப்புக்கான பொத்தானைத் தொட்டேன். செல்லில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது.

"ஃபோர்மே லு காரே."

வெளியே பட்டியில் ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்த அப்பா குரல் கொடுத்தார்.

"அந்தா, இதுதான தாயி! அன்னிக்கு நீ பத்துனது இதேதான். அதான பாத்தேன், இல்லவே இல்லன்னு சாதிச்சியே!"

காரே என்றால் சதுரம். ஆடு மேய்க்கிற மனிதர், எழுத்தே தெரியாதவர், அந்தச் சத்தத்தை வேறு எப்படிக் கேட்டிருக்க முடியும்? ஆட்டைக் கூப்பிடுவதாகத்தான் கேட்டிருக்க முடியும். அப்படியானால் அன்றைக்குக் கரைக்கு இந்தப் பக்கம், எனக்கு வெகு பக்கத்தில், மணிக்கணக்காக அதைக் கத்திக்கொண்டிருந்தது யார்? எனக்கு ஏன் கேட்கவில்லை? பட்டியில் அந்த நேரம் அசை போடும் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் முகத்தை வைத்து நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. செல்லை அணைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் கரூரில் ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. அம்மா இன்னும் மில்லுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அதே போரைத்தான் எடுக்கப் போகிறேன், வேறு தலைப்புக்கு ஓடுகிற ஆள் நான் இல்லை. இரண்டு சதுரத்தையும் பலகையில் வரைவேன், மலை இருக்கும் திசை, குதிரைகள் வந்த திசை எல்லாம் காட்டுவேன், யார் எந்தக் கேள்வி கேட்டாலும் புத்தகத்தின் பெயரும் பக்கமும் சொல்வேன். கட்டளையை மட்டும் தமிழில் சொல்வேன்.